'ஒரு மணி நேரச் சிந்தனை' என்பது ஹதீஸ்தானா? சும்மா அமர்ந்திருப்பது எப்போது சிந்தனையாகும்?

துறையடி (கிண்ணியா) கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற வாரம் இஷாத் தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளிவாசலில் நடந்த பயானில் (மார்க்க உரையில்), "ஒரு மணி நேரம் சிந்திப்பது அறுபது ஆண்டுகள் வணங்குவதைவிடச் சிறந்தது" என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகச் சொல்லப்பட்டது. பெண்கள் பகுதியில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடனே வாப்பாவின் நினைவுதான் வந்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வாப்பா சிரித்ததோடு சரி. உம்மா மட்டும், "அப்படிக் கணக்குப் பாத்தா உங்கட வாப்பாட ஏட்டில எழுத இடமிருக்காது" என்றார்.

காரணத்தைச் சொல்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை வாப்பா பாதையில் (ஆட்களைக் கரை கடத்தும் மிதவைப் படகில்) வேலை செய்தார். பாலம் வந்த பிறகு பாதை நின்றது. ஆனால் வாப்பா துறையடிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. ஸுபஹ் தொழுதுவிட்டு நேரே அங்கு போய், கரையோரக் கட்டில் அமர்ந்து, வெயில் முகத்தில் அடிக்கும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் தஸ்பீஹ் மணி இருக்காது, உதடும் அசையாது. என் மூத்த நாநாவுக்கு (அண்ணனுக்கு) இது பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் யாஸீன் ஓதலாம், திக்ர் (இறைநினைவுத் துதி) செய்யலாம், குறைந்தது நாலு பேருக்கு ஸலாம் சொல்லி நன்மை தேடலாம், சும்மா தண்ணீரைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்பது அவருடைய வாதம். பயானில் கேட்டதை நான் சொன்னதும், அது ஹதீஸே அல்ல என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எனக்கு இரண்டு விடயங்கள் தெரிய வேண்டும். அந்தச் சொல் உண்மையிலேயே நபிமொழிதானா? அது அவ்வாறு இல்லையென்றால், வாப்பா செய்வதற்கு மார்க்கத்தில் இடமிருக்கிறதா, அல்லது நாநா சொல்வதுபோல் அது வெறும் பொழுதுபோக்குத்தானா?


கொட்டியாரக் குடா (மூதூர்) எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. இரண்டு கேள்விகளையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் முதலாவதில் தங்கள் நாநா சொன்னதே சரியாக இருந்தாலும், அதனால் இரண்டாவதிலும் அவர் வென்றுவிட்டார் என்றாகாது.

'அறுபது ஆண்டுகள்' என்ற வாசகம் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வந்ததாகச் சொல்லப்பட்டாலும், அதன் அறிவிப்பாளர் தொடர் ஆதாரமாகக் கொள்ளத் தக்கதன்று. இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் திரட்டி எழுதிய இப்னுல் ஜவ்ஸி, இதையும் அந்தத் திரட்டில் சேர்த்திருக்கிறார். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா என்ற நூலில் 'ஓர் ஆண்டு வணக்கத்தைவிட' என்ற வடிவில் இதை எடுத்தாண்டிருக்கிறார். நம் பகுதி மேடைகளில் இது இவ்வளவு புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இஹ்யாவின் ஹதீஸ்களைப் பின்னாளில் ஒவ்வொன்றாகச் சோதித்த ஹாபிழ் இராக்கி, இதன் பலவீனத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆகவே மேடையில் இதை நபி (ஸல்) அவர்களின் பெயரால் சொல்லாமல் இருப்பதே பேணுதல்.

ஆனால் இதற்கு நெருக்கமான சொல் ஒன்று நபித்தோழர்களிடமிருந்து வந்திருக்கிறது. "ஒரு பொழுது சிந்திப்பது ஓர் இரவு முழுவதும் நின்று வணங்குவதைவிடச் சிறந்தது" என்று அபூதர்தா (ரலி) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அவர் இறந்த பிறகு, அவர் அதிகமாகச் செய்த வணக்கம் எது என்று அவருடைய துணைவியார் உம்முத் தர்தாவிடம் கேட்டபோது, "சிந்திப்பதும் படிப்பினை பெறுவதும்" என்றே பதில் வந்திருக்கிறது. நம் வீடுகளில் இறந்தவரைப் பற்றிப் பேசும்போது எத்தனை கத்தம் (முழுக் குர்ஆன்) ஓதினார், எத்தனை ஹஜ் செய்தார் என்றுதான் சொல்வோம். அந்த அம்மையார் சொன்னதை எண்ணிப் பாருங்கள். இன்னொன்று, இங்கே 'ஸாஅத்' என்ற சொல்லை 'மணி நேரம்' என்று பெயர்ப்பது இக்காலத்து வழக்கம். பழைய அரபியில் அதற்குச் சிறு பொழுது என்றே பொருள். கடிகாரத்தைப் பார்த்து அறுபது நிமிடம் உட்கார வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அல்குர்ஆனின் ஆலு இம்ரான் ஸூராவின் (அத்தியாயத்தின்) 190, 191ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதிலும், இரவும் பகலும் மாறி மாறி வருவதிலும் 'உலுல் அல்பாப்'களுக்குச் சான்றுகள் இருப்பதாக முதல் வசனம் சொல்கிறது. 'அல்பாப்' என்பது 'லுப்' என்ற சொல்லின் பன்மை. லுப் என்றால் ஓட்டுக்கு உள்ளே இருக்கும் பருப்பு. அந்தப் பருப்பை உடையவர்கள் யார் என்பதை அடுத்த வசனம் விளக்குகிறது: அவர்கள் நின்றும் அமர்ந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைப்பார்கள்; வானங்கள், பூமியின் படைப்பைப் பற்றிச் சிந்திப்பார்கள்; பிறகு, "எங்கள் இறைவனே, இதை நீ வீணாகப் படைக்கவில்லை" என்பார்கள். இந்த வசனங்கள் இறங்கிய இரவில் நபி (ஸல்) அவர்கள் அழுதுகொண்டிருந்ததையும், ஸுபஹ் தொழுகைக்கு அழைக்க வந்த பிலால் (ரலி) அவர்களிடம், "இதை ஓதிவிட்டுச் சிந்திக்காதவனுக்குக் கேடுதான்" என்று சொன்னதையும் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக இப்னு ஹிப்பான் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு சொல்லை மட்டும் தங்கள் வாப்பாவிடம் கொண்டு போய்ச் சொல்லுங்கள். படிப்பினை பெறுவதற்கு அரபியில் 'இஃதிபார்' என்பார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு, ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடப்பது என்று பொருள். கண்ணால் கண்ட ஒன்றில் நின்றுவிடாமல், அதிலிருந்து காணாத ஒன்றுக்கு மனம் கடந்து போவதற்கு அந்தச் சொல்லைத்தான் வைத்தார்கள். இன்றும் பாதைக்கு அரபியில் 'அப்பாரா' என்ற பெயருண்டு. அதுவும் அதே வேர்தான். வாழ்நாள் முழுவதும் ஆட்களைக் கரை கடத்திய ஒருவருக்கு இந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை.


உள்துறைமுகம் (திருகோணமலை நகர்) எழுதியது:

மேலே எழுதியவரின் விளக்கத்தை மதிக்கிறேன். இருந்தாலும் ஓர் அச்சத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகரத்தில் கடை வைத்திருக்கிறேன். தொழுகை நேரத்தில் கடையில் உட்கார்ந்தபடி, "உள்ளம்தான் முக்கியம், நான் மனதுக்குள் நினைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் இளைஞர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தொழுகையை விட்டவனுக்குச் சிந்தனை என்பது நல்ல சாட்டு. நாம் சிந்தனையை இவ்வளவு உயர்த்திப் பேசினால், அவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

மற்றொன்று, சிந்தனை எங்கே போய் முடியும் என்பது நம் கையில் இல்லை. அல்லாஹ்வைப் பற்றியே கண்டபடி கேள்வி கேட்டுக் குழம்பிப் போன ஒருவரை நான் அறிவேன். ஆகையால் ஓதுவதும் திக்ர் செய்வதுமே பாதுகாப்பு என்ற அந்த நாநாவின் பக்கமே நான் நிற்கிறேன்.


விதைநெல் (தம்பலகாமம்) எழுதியது:

துறையடித் தங்கச்சிக்கு. நான் ஓதிப் படித்தவன் அல்லன், வயல்காரன். வாகிஆ ஸூராவில், "நீங்கள் விதைப்பதைப் பார்த்தீர்களா? அதை முளைக்கச் செய்வது நீங்களா, நாமா?" என்று கேட்கும் இரண்டு வசனங்கள் உண்டு, 63, 64. முப்பது ஆண்டுகளாக ஓதி வருகிறேன், பொருளும் தெரியும். ஆனால் அது என்னைப் பிடித்தது ஒரு மாரிப் போகத்தில்தான்.

விதை நெல்லைச் சாக்கில் கட்டி, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு கரையேற்றி மூடி வைப்போம். மறுநாள் முளை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கச் சாக்குக்குள் கையை விடுவோம். அன்றும் விட்டேன். சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பைத் தொட்டதுபோல் இருந்தது. எத்தனையோ தடவை தொட்ட சூடுதான், புதிதொன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில், "முளைக்கச் செய்வது நீங்களா?" என்ற கேள்வி யாரோ பின்னால் நின்று கேட்டதுபோல் வந்தது. ஊறப்போட்டது நான், கட்டியது நான், மூடியது நான். இந்தச் சூட்டை உண்டாக்கியது நானல்ல. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே இருந்தேன். அதைச் சிந்தனை என்பதா வேறு என்னவென்பதா என்று மௌலவிமார்தான் சொல்ல வேண்டும். அந்தப் போகத்தில் ஸகாத் நெல்லை அளக்கும்போது மரைக்காலைத் தலை வழித்து அளக்கக் கை வரவில்லை, குவித்தே அளந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.


ஆய்வுகூடம் (மூதூர்) எழுதியது:

விதைநெல் நாநா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், அந்தச் சூடு முளைக்கும் விதை சுவாசிப்பதால் வருவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். அந்த விளக்கம் தெரிந்த எனக்கு இப்படியொரு நேரம் வாய்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் பங்குக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் படைப்பைப் பற்றிச் சிந்திக்கச் சொன்னால், உடனே 'இதை அல்குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது' என்ற காணொளிகளைத்தான் தேடுகிறார்கள். அல்குர்ஆனில் இரு கடல்களும் அவற்றுக்கு இடையிலுள்ள 'பர்ஸக்' என்ற தடுப்பும் குறிப்பிடப்படுகின்றன. புர்கான் ஸூராவின் 53ஆம் வசனத்தில் ஒன்று இனிய நீர், மற்றது உவர் நீர் என்று தெளிவாகவே வருகிறது. மகாவலி வந்து கடலில் சேரும் கொட்டியாரக் குடா நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஒரு மாரிக் காலத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். செம்மண் கலந்த ஆற்று நீர் ஒரு பக்கம், கடலின் நிறம் ஒரு பக்கம், நடுவில் கோடு போட்டதுபோல் நுரையும் சருகும். பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். "டீச்சர், இதுதான் அந்தத் தடுப்பு, கலக்கவே கலக்காது" என்றான் ஒருவன்.

இரண்டு போத்தல்களில் நீர் எடுத்தோம். கோட்டுக்கு அந்தப் பக்கத்து நீரைச் சொட்டாக நாக்கில் வைத்துப் பார்த்தால், உப்புத்தான். ஆனால் கடலின் முழு உப்பு அல்ல. நன்னீர் எடை குறைந்தது என்பதால் உவர் நீரின் மேல் மிதந்து பரவுகிறது. அலையும் காற்றும் மெல்ல மெல்ல இரண்டையும் கலக்கின்றன. அந்த மாணவனின் முகம் வாடிவிட்டது. அல்குர்ஆன் பொய்யாகிவிட்டதோ என்று அவன் பயந்திருக்கிறான். இப்னு கஸீர் போன்ற முன்னோர் அந்தத் தடுப்பு என்பதை ஆறுகளுக்கும் கடலுக்கும் இடையே உள்ள நிலம் என்று விளங்கியிருக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொன்ன பிறகுதான் தெளிந்தான். அந்த நிலம் இல்லாவிட்டால் என் கிணறு, உன் கிணறு எல்லாம் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போய், பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை அவன் பிறக்கும் முன்பே அவன் உம்மா அனுபவித்திருக்கிறார். அதை அவன் வீட்டில் கேட்டுவிட்டு மறுநாள் வந்து பேசிய பேச்சில்தான் சிந்தனை இருந்தது என்று நினைக்கிறேன். முதல் நாள் அவனிடம் இருந்தது வெற்றிக் களிப்பு மட்டும்தான்.


கொட்டியாரக் குடா (மூதூர்) மீண்டும் எழுதியது:

உள்துறைமுகம் அவர்களின் அச்சம் நியாயமானது. அதற்கான பதில் நான் முன்பு காட்டிய வசனத்திலேயே இருக்கிறது: அங்கே நினைவுகூர்தல் முதலில் வருகிறது, சிந்தித்தல் அதைத் தொடர்ந்து வருகிறது, முடிவில் துஆ வருகிறது. மூன்றும் ஒரே மனிதர் செய்வதாகவே சொல்லப்படுகிறது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும் நிகழ்ச்சி தங்களுக்கும் தெரிந்திருக்கும். சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) தமது சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கினார். இரவின் கடைசிப் பகுதியில் நபி (ஸல்) அவர்கள் எழுந்து அமர்ந்து, வானத்தைப் பார்த்து, இதே வசனங்களை ஓதினார்கள். பிறகு உளூச் செய்து தொழ நின்றார்கள். வானத்தைப் பார்த்தது தொழுகைக்கு மாற்றாக அல்ல. எனினும், நேரே தொழுகைக்குப் போகாமல் முதலில் அந்தப் பார்வை நிகழ்ந்ததையும் நாம் விட்டுவிடக் கூடாது. கடையில் உட்கார்ந்துகொண்டு மனதுக்குள் நினைப்பதாகச் சொல்லும் இளைஞரிடம் இல்லாதது தொழுகை மட்டுமல்ல. அவரிடம் சிந்தனையும் இல்லை என்றே அஞ்சுகிறேன்.

எல்லையைப் பொறுத்தவரை, அல்லாஹ்வின் படைப்பைப் பற்றிச் சிந்தியுங்கள், அவனது உள்ளமையைப் பற்றிச் சிந்திக்காதீர்கள் என்ற கருத்தில் வரும் அறிவிப்புகளின் தொடர்கள் பற்றிப் பேச்சு இருந்தாலும், பொருளை அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். "உன் இறைவனைப் படைத்தவர் யார்?" என்று ஷைத்தான் கேட்கும் இடத்துக்கு வந்தால், அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, அத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் சொல்கிறது. அந்த இடம் வருவதற்கு முன்னால் உள்ள பரந்த வெளி முழுவதும் நமக்குத் திறந்தே கிடக்கிறது. ஸபா ஸூராவின் 46ஆம் வசனம், மறுத்துக்கொண்டிருந்த மக்காவாசிகளிடமே, "இருவர் இருவராகவும் தனித்தனியாகவும் எழுந்து நின்று சிந்தித்துப் பாருங்கள்" என்று சொல்கிறது. கூட்டத்தோடு கூட்டமாகச் சிந்திக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தில் யார் சத்தம் பெரிதோ அவருடைய பேச்சுத்தான் எடுபடும்.

சிந்தனைக்கும் சும்மா இருத்தலுக்கும் வேறுபாடு என்னவென்று சகோதரி கேட்டிருந்தார். இமாம் கஸ்ஸாலி (1058-1111) தமது இஹ்யாவின் நாற்பது பகுதிகளில் 39ஆவதைச் சிந்தனைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். நாற்பதாவது மரணத்தைப் பற்றியது. சிந்தனை என்பது உள்ளத்தில் இரண்டு அறிவுகளை ஒன்றாகக் கொண்டுவந்து, அவற்றிலிருந்து மூன்றாவதொன்றைப் பெறுவது என்கிறார். நிலைத்து நிற்பதே தேர்ந்துகொள்ளத் தக்கது என்பது ஓர் அறிவு, மறுமையே நிலைத்து நிற்பது என்பது இன்னோர் அறிவு. இரண்டும் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. ஆனால் வேறு வேறு அலுமாரிகளில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் மூன்றாவது பிறக்கிறது. அது பிறந்தால் உள்ளத்தின் நிலை மாறும், உள்ளம் மாறினால் உறுப்புகளின் செயல் மாறும் என்பது அவர் காட்டும் வரிசை. விதைநெல் நாநா தமது அனுபவத்தைச் சிந்தனை என்பதா என்று கேட்டிருந்தார். சாக்கின் சூடு ஒன்று, முப்பது ஆண்டுகளாக ஓதிய வசனம் மற்றொன்று, குவிந்த மரைக்கால் மூன்றாவது. இமாம் அவர்கள் இருந்திருந்தால் அதையே உதாரணமாக எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓதுவதைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இப்னு உமர் (ரலி) அவர்கள் பகரா ஸூராவைக் கற்க எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதாக இமாம் மாலிக் தமது முவத்தாவில் குறிப்பிடுகிறார். நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவு முழுவதும் மாயிதா ஸூராவின் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதி நின்றதாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார். ரமழானில் மூன்று கத்தமா நான்கு கத்தமா என்று போட்டி போடும் நமக்கு அந்த ஓரிரவு கணக்கில் எங்கே வரும் என்று தெரியவில்லை.


உள்துறைமுகம் (திருகோணமலை நகர்) எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இளைஞர்களிடம் நான் முதலில் பாங்கைத்தான் சொல்வேன்.


துறையடி (கிண்ணியா) எழுதியது:

எல்லோருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைரன். இவற்றையெல்லாம் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'இஃதிபார்' என்ற சொல்லுக்கு மட்டும், "திருப்பிச் சொல்லு மகள்" என்றார்.

இன்று ஸுபஹுக்குப் பின் நானும் அவருடன் துறையடிக்குப் போனேன். பாலத்தின் மேல் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. கீழே தண்ணீர் உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "என்ன வாப்பா யோசிக்கிறீங்க?" என்று கேட்டேன். பாதையில் ஏறியவர்களை என்றார். எத்தனை ஆண்டுகள், எத்தனை முகங்கள். காலையில் அக்கரைக்கு ஏற்றிய ஆளை அந்திக்கு இக்கரைக்கு ஏற்றாமல் போன நாட்களும் உண்டு என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டவர்கள், திரும்பி வராமல் போனவர்கள், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தேடியும் கிடைக்காதவர்கள். தினமும் ஒரு முகமாக நினைத்து, அந்த ஆளுக்கு ஒரு துஆ. பெயர் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை "மீன் கூடைக்காரி", "சைக்கிள்ல வந்த மாஸ்டர்" என்று அடையாளம் வைத்து நினைத்துக்கொள்வாராம். "எல்லாரும் ஒருக்கா கரைக்குப் போற ஆக்கள்தானே. நான் இன்னும் இந்தக் கரையில இருக்கிறன்" என்றார்.

இன்று யாருடைய முறை என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லை.

நாளைக் காலை எங்களோடு வருமாறு நாநாவையும் அழைத்திருக்கிறேன். ஹதீஸ் விடயத்தில் தாம் சொன்னதுதான் சரி என்று இந்தத் திரியிலும் வந்துவிட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. அதனால் வருவதாகத் தலையாட்டியிருக்கிறார். பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டு வரும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன்.